மார்த்தாவின் சாவி

பூங்காவின் வாசல் திறக்க இன்னும் நேரமிருந்தது. பெர்னி யூர்க்கோ கையிலிருந்த காபியை சுவிட்ச் மேடையின் ஓரத்தில் வைத்துவிட்டு, காலியாக நின்ற ரயிலின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். இடுப்புக் கம்பியை இழுத்து மடியோடு அழுத்தினாள். டக், டக், டக் என்று கம்பி இறங்கிப் பூட்டிக்கொண்டது. தண்டவாளம் முழுவதையும் நடந்து பார்த்துவிட்டு வந்த மெக்கானிக் ஓட்டிஸ், ஒரு கையில் சுத்தியலோடு மறு கையால் பொத்தானை அழுத்தினார். மார்த்தா கிளம்பியது.

மார்த்தா என்பது பென்சில்வேனியா மலைகளுக்கு நடுவில் வில்லெட் பூங்காவில் நிற்கும் மரத்தாலான ரோலர் கோஸ்டர். பெர்னியின் அப்பா பிறப்பதற்கு முன்பே கட்டியது. ஏற்றத்தில் முனகும், இறக்கத்தில் அலறும், வளைவுகளில் ஆளைத் தூக்கிப் போட்டு இடுப்பைப் பதம் பார்க்கும். ஊரில் யாரும் அதை இயந்திரம் என்று நினைத்துப் பேசுவதில்லை. வாய்த் துடுக்குள்ள ஒரு அத்தையைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசுவார்கள்.

"இன்னிக்கு மார்த்தாவுக்கு மூடு எப்படி?" என்று கேட்டார் ஓட்டிஸ், ரயில் திரும்பி வந்து நின்றதும்.

"மூணாவது வளைவுல என்னைக் கிள்ளிட்டா. மத்தபடி சமத்து."

ஓட்டிஸ் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். இது அங்கே வழக்கம். அன்றைக்கு மார்த்தாவை ஓட்டப்போகிறவர் யாரோ அவர் முதல் ரயிலில் தானே ஏறி ஒரு சுற்று வரவேண்டும். நடுவில் ரயில் எங்காவது நின்றுபோனால், மறுபடி திறக்கும் முன் மறுபடி ஏறவேண்டும். ஏறாதவர் கைக்குச் சாவி போகாது. பழைய முதலாளி வில்லெட் கிழவர் வைத்த சட்டம் அது. கிழவருக்குப் பின் பூங்காவை ஒரு வெளியூர்க் கம்பெனி வாங்கியது. சீருடையை மாற்றினார்கள், கட்டணத்தை மாற்றினார்கள், வினிகர் தெளித்துத் தரும் உருளைக்கிழங்கு வறுவலின் காகிதக் கிண்ணத்தைக்கூடச் சின்னதாக்கினார்கள். சாவி வழக்கத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது என்பதுதான் உண்மை.

குளிர்காலம் முழுக்க பெர்னி பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். அந்த வேலையில் அவள் பிடிவாதம் ஊரறிந்தது. கடைசிக் குழந்தை இருக்கையில் உட்கார்ந்து பையை மடியில் வைக்கும்வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்கமாட்டாள். பின்னால் பனியில் பத்துக் கார்கள் நின்று ஹாரன் அடித்தாலும் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பாளே தவிர நகரமாட்டாள். ஆனால் கோடை வந்து மார்த்தாவின் மேடையில் ஏறிவிட்டால் அதே பெர்னி வேறு ஆளாகிவிடுவாள். அதற்குக் காரணம் ஒரு பலகை.

கம்பெனி வந்த முதல் வருஷமே நடைமேடையின் மேல் அந்த மின்பலகையை மாட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை ரயில் போயிருக்கிறது என்று அதில் எண் ஓடும். வேகம் சரியாக இருந்தால் பச்சை, குறைந்தால் சிவப்பு. கூட்டத்துக்கும் அது தெரியும் என்பதுதான் விசேஷம். பலகை சிவப்பானால் வரிசையில் நிற்பவர்கள் கைதட்ட ஆரம்பிப்பார்கள். பாராட்டுக் கைதட்டல் இல்லை. 'கிளம்பு, கிளம்பு' என்று முதுகில் குத்தித் தள்ளுகிற கைதட்டல்.

பெர்னியின் மேடை சிவப்பைப் பார்ப்பது அபூர்வம். அவளுக்கு வாய் இருந்தது, வாயருகே மைக் இருந்தது. கம்பி இறங்க நேரமாகிறவர்களை நாலு வார்த்தை கேலி பேசி, கூட்டத்தைச் சிரிக்க வைத்து, சிரிப்பு அடங்குவதற்குள் ரயிலை அனுப்பிவிடுவாள். அதற்காகவே அவளுக்கு ரசிகர்கள் இருந்தார்கள். கம்பெனி அவளுக்குப் பரிசாக ஒரு தொப்பியும் பீட்சாவும் கொடுத்திருந்தது. தன் கேலியில் யாருக்காவது வலித்திருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. ஊரே சிரிக்கும்போது எப்படி நினைப்பு வரும்?

இன்னொன்றும் நடந்திருந்தது. முன்பெல்லாம் வரிசையின் தொடக்கத்தில், பெரிய ஹெம்லாக் மரத்துக்குப் பின்னால், மார்த்தாவின் இருக்கை ஒன்றைத் தனியாகப் போட்டு வைத்திருப்பார்கள். கம்பி நமக்குப் பொருந்துமா என்று சந்தேகப்படுகிறவர்கள் யாரும் பார்க்காமல் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். பொருந்தாவிட்டால் சத்தமில்லாமல் வறுவல் கடைப்பக்கம் போய்விடலாம். இந்தக் கோடையில் அந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு கடை வந்தது. இருக்கை கொட்டகைக்குப் போனது. அப்போது பெர்னியும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று ஜூலை நான்கு, அமெரிக்காவின் சுதந்திர தினம். நாடே விடுமுறையில் இருந்தது. மதியத்துக்குள் மார்த்தாவின் வரிசை எலுமிச்சைக் கடையைத் தாண்டி, ராட்டினத்தைச் சுற்றி, குளக்கரைவரை போயிருந்தது. வெயிலில் வெந்த சனம். அழுகிற குழந்தைகளும் கொடி வரைந்த பனியன்களும் கையில் உருகும் ஐஸ்கிரீமுமாக ஒரே நெரிசல்.

அந்த நெரிசலில் வால்ட் ப்ரெஸ்லோ வந்து கடைசி வரிசையில் ஏறினார். பெர்னியின் எதிர்வீட்டுக்காரர். விடிவதற்கு முன்பே தன் பனித்தள்ளு இயந்திரத்தை எடுத்துவந்து அவள் வாசலைச் சுத்தம் செய்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போகிறவர். முப்பது வருஷமாக மார்த்தாவின் கடைசி வரிசை அவருக்குச் சொந்தம் மாதிரி. முதல் ஏற்றத்தில் ரயில் பாதி தூரம் போனதும் திரும்பி, தொப்பியைக் கழற்றி, தலைக்கு மேல் ஒரு சுற்று சுற்றி மேடைக்கு வணக்கம் சொல்வார். ஆனால் போன குளிர்காலத்தில் அவருக்கு முட்டி ஆபரேஷன் ஆகிச் சோபாவிலேயே கிடந்தார். சர்ச்சுப் பெண்கள் ஆளுக்கொரு நாள் வெண்ணெயில் புரட்டிய பியரோகி என்ற கிழங்குக் கொழுக்கட்டை கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்று சொல்லி வால்ட்டுக்குப் பழக்கமில்லை. முட்டி சரியானபோது வயிறு முன்னால் வந்திருந்தது.

கம்பி இறங்க மறுத்தது. பின் வரிசைகளின் கம்பியைச் சரிபார்க்கிறவள் கார்லி. நர்ஸிங் படிக்கும் பெண், சின்ன வயதில் பெர்னியின் பேருந்தில் போனவள், இன்னமும் 'மிஸ் பெர்னி' என்றுதான் கூப்பிடுவாள். அவள் இரண்டு கையாலும் கம்பியை அழுத்தினாள். மேலே பலகை சிவப்பானது. கைதட்டல் தொடங்கியது.

பெர்னி மைக்கை இழுத்தாள். "கடைசி வரிசையில யாரு, நம்ம வால்ட்டா? வால்ட், மூச்ச உள்ள இழுங்க. உள்ள பியரோகி எல்லாம் வரிசையில நிக்குது, கொஞ்சம் நகரச் சொல்லுங்க."

கூட்டம் சிரித்தது. யாரோ ஒருவன், "ரெண்டு டிக்கெட் வாங்கியிருக்கணும் பெருசு" என்று கத்தினான். இன்னொருத்தி, "நாளையிலேர்ந்து வெறும் சாலட்தான்" என்றாள். கைதட்டல் வேகமானது. கார்லி குனிந்து வால்ட்டிடம் ஏதோ கேட்டாள், அவர் தலையை ஆட்டினார். கார்லி நிமிர்ந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். எல்லாம் சரி என்பதற்கு அதுதான் அடையாளம். பெர்னி பொத்தானை அழுத்தினாள். பலகை பச்சைக்குத் திரும்பியது.

ரயில் வளைந்து போய்ச் சங்கிலியைப் பிடித்து ஏற ஆரம்பித்தது. பெர்னி பழக்கதோஷத்தில் நிமிர்ந்து பார்த்தாள். பாதி ஏற்றம் தாண்டி ரயில் உச்சியை நெருங்கியது. முன்வரிசைக்காரர்கள் எல்லாம் கையை உயர்த்திக் கூச்சல் போட்டார்கள். கடைசி வரிசையில் தொப்பி எழவில்லை. வால்ட் குனிந்திருந்தார். கம்பியை இரண்டு கையாலும் அணைத்து, அதன்மேல் முகவாயை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

முப்பது வருஷத்தில் மார்த்தாவின் கம்பியை வால்ட் பிடித்து அவள் பார்த்ததே இல்லை. யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளங்கையால் சிவப்புப் பொத்தானை அறைந்தாள். சங்கிலி நின்றது. ரயில் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, வானத்தில் சாய்ந்தபடி தொங்கியது.

கூட்டத்திலிருந்து 'ஊ' என்று ஒரு பெரிய கேலிக் கூச்சல் எழுந்தது.

"கார்லி, இங்க வா. வால்ட் கம்பி எத்தனை டக் போச்சு?"

கார்லியின் முகம் வெளுத்திருந்தது. "ஒண்ணுதான் மிஸ் பெர்னி. அடுத்தது விழல. அதுவும் பாதிப் பூட்டு மாதிரிதான் இருந்தது. 'போதும்மா, விட்டுடு, எல்லாரும் பாக்கறாங்க'ன்னு கெஞ்சினாரு. எனக்கு மனசு கேக்கல. கட்டைவிரலத் தூக்கிட்டேன்."

பெர்னிக்குத் திட்டத்தான் வாய் வந்தது. ஆனால் யாரைத் திட்டுவது? அந்தப் பெண் ஒரு மனிதரை அவமானத்திலிருந்து காப்பாற்ற நினைத்தாள். அவமானத்தை மைக் போட்டு ஊருக்குப் பரிமாறியது யார்?

"உன் மனசு நல்ல மனசுதான். அதக் கெடுத்தது என் வாய். ஓட்டிஸக் கூப்பிடு. கம்பி திறக்கற கருவியோட வரச் சொல்லு. எல்லாரையும் படி வழியா இறக்கணும்."

ஓட்டிஸ் பூங்காவின் மறுகோடியில் இருந்தார். அவருக்கு முன்னால் வந்து சேர்ந்தவன் மேனேஜர் கிரெக் டன்லவி. முப்பத்தைந்து வயது, கம்பெனி அனுப்பிய ஆள். கெட்டவன் என்று சொல்ல முடியாது. கம்பெனி அவனை எண்ணால் அடிக்கும், அவன் மற்றவர்களை எண்ணால் அடிப்பான், அவ்வளவுதான். வேர்த்து வழிய, இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறினான்.

"ஏன் நின்னுச்சு? என்ன கோளாறு?"

"கோளாறு எதுவும் இல்ல. நான் நிறுத்தினேன்."

"எதுக்கு?"

"வால்ட் தொப்பியச் சுத்தல."

கிரெக் வரிசைப் பக்கம் கையை நீட்டினான். "பெர்னி, இன்னிக்கு ஜூலை நாலு. குளம்வரைக்கும் ஜனம் நிக்குது. ஒரு ஆள் தொப்பியச் சுத்தலன்னு ரயில நிறுத்தினேன்னு நான் மேல போய்ச் சொல்ல முடியுமா?"

"அவர் கம்பி சரியாப் பூட்டல. கார்லியே சொல்றா."

"ஒரு டக் விழுந்திருக்குல்ல? ஒண்ணு விழுந்தாப் போதும், தாங்கும். உச்சிக்கு இன்னும் ரெண்டடி இருக்கு, சுத்தி வந்துடப் போகுது. இறக்கி ஏத்தினா பொழுதே போயிடும். ஸ்டார்ட் பண்ணு."

"மாட்டேன்."

"நீ பண்ணலன்னா நான் பண்றேன்."

பெர்னி சாவியைத் திருகி எடுத்தாள். சுவிட்ச் மேடையின் விளக்குகள் அணைந்தன. சாவி அவள் கால்சட்டைப் பைக்குள் போனது.

"பெர்னி, சாவியக் குடு."

"காலையில முதல் ரயில்ல ஏறினீங்களா?"

"என்ன?"

"காலையில ஏறினவங்க கைக்குத்தான் சாவி. இங்க வழக்கம் அது. நீங்க இன்னிக்கு ஏறல. நேத்தும் ஏறல. வந்த நாள்லேர்ந்து ஒரு தடவ ஏறல." அவள் குரல் உயரவில்லை. "ஏறினா முதுகு வலிக்கும்னு உங்களுக்குத் தெரியும். சட்டைக்குள்ள முதுகுவலி பெல்ட் போட்டிருக்கீங்க, எங்களுக்கும் தெரியும். இடுப்பு போச்சுன்னு புகார் எழுதறவங்களுக்கெல்லாம் 'மார்த்தா பூ மாதிரி ஓடுறா'ன்னு நீங்கதான் பதில் போடறீங்க."

கார்லி தரையைப் பார்த்தாள். கிரெக்கின் காது சிவந்தது.

"சரி, ஒரு டக்கு தாங்கும்னு சொல்றீங்க," என்று பெர்னி தொடர்ந்தாள். "படி இருக்கு. ஏறிப் போங்க. வால்ட் பக்கத்து சீட்டு காலியாத்தான் இருக்கு. அவர் கம்பி எப்படி இருக்கோ அதே மாதிரி ஒரே டக்குல உங்க கம்பியையும் வச்சுக்கிட்டு உக்காருங்க. உக்காந்துட்டுக் கையக் காட்டுங்க. அடுத்த நிமிஷம் சாவியப் போட்டு நானே அனுப்பறேன்."

கிரெக் ஏற்றத்தை அண்ணாந்து பார்த்தான். அதன் மறுபக்க இறக்கம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். மார்த்தா அங்கேதான் ஆளை இருக்கையிலிருந்து எழுப்பிப் பார்ப்பாள். அவன் படிப்பக்கம் காலெடுத்து வைக்கவில்லை.

"ஏறமாட்டீங்க இல்ல? அப்ப அவர மட்டும் எதுக்கு அனுப்பச் சொல்றீங்க?"

"இந்த சீசனோட உன் வேலை போயிடும் பெர்னி. நான் நினைச்சாலும் காப்பாத்த முடியாது."

"பஸ்ஸு இருக்கு. அங்க ஹாரன்தான் அடிப்பாங்க, எனக்குப் பழக்கம்."

ஓட்டிஸ் வந்துவிட்டார். நெடிய மரப்படியில் கருவியோடு ஏறி முதலில் வால்ட்டிடம் போனார். குனிந்து, இரண்டு விரலால் கம்பியைத் தொட்டார். அது கதவுத் தாழ்ப்பாள் மாதிரி மேலே எழும்பி வந்தது. அவர் கருவியைக்கூட உபயோகிக்கவில்லை. மேடையைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஆட்டினார். கிரெக் சுவிட்ச் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

ஒவ்வொருவராக இறங்கினார்கள். வால்ட் கடைசியாக வந்தார். முட்டி வளையாததால் ஒரு படிக்கு இரண்டு கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்து இறங்கினார். என்ன நடந்தது என்று தெரியாத கூட்டம் மறுபடி கைதட்டியது. "சீக்கிரம் பெருசு" என்று அதே குரல் கேட்டது.

பெர்னி ஓடிப்போய்ப் படியின் அடியில் நின்று கை கொடுத்தாள். அவர் கை சில்லென்று இருந்தது.

"ஏன் வால்ட் சொல்லல? ஒரு வார்த்த, பூட்டலன்னு."

வால்ட் மூச்சு வாங்கினார். கூட்டத்தைப் பார்க்காமல் அவளை மட்டும் பார்த்தார். "எல்லாரும் பாக்க எழுந்து போகணுமே கண்ணு. அந்த நிமிஷம், செத்தாலும் பரவால்ல, சிரிக்காம இருந்தாப் போதும்னு இருந்தது."

பெர்னி அவரை பெஞ்சில் உட்கார வைத்து, கார்லியிடம் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். பிறகு மேடைக்குப் போனாள். சுவரில் தொங்கிய தன் மழைக்கோட்டை எடுத்து, ஸ்டூல் மேல் ஏறி, அந்த மின்பலகையின் மேல் போட்டு மூடினாள். பச்சையும் தெரியவில்லை, சிவப்பும் தெரியவில்லை. கைதட்டல் குழம்பிப்போய் நின்றது. அவள் மைக்கை எடுத்தாள்.

"நான் பெர்னி. கேலி பேசி உங்கள சிரிக்க வைக்கறவ. இன்னிக்கும் சிரிக்க வச்சேன். நான் சிரிச்சேன், நீங்களும் சிரிச்சீங்க. நாம சிரிச்சதுல அங்க உக்காந்திருக்காரே வால்ட், அவரு கம்பி பூட்டலன்னு சொல்ல வெக்கப்பட்டு, பூட்டாத கம்பியோட அந்த ஏத்தம் ஏறிட்டாரு. இன்னும் ரெண்டடி ஏறியிருந்தா இப்ப நான் மைக்குல பேசிக்கிட்டு இருக்கமாட்டேன், நீங்களும் கைதட்டிக்கிட்டு இருக்கமாட்டீங்க."

எங்கோ ஒரு குழந்தை மட்டும் அழுதுகொண்டிருந்தது.

"அவர்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன், இதே மைக்குல. வால்ட், மன்னிச்சிடுங்க. மத்தவங்க கேக்கறதும் கேக்காததும் அவங்கவங்க பாடு. ஆனா ஒண்ணு. கொட்டகையில கிடக்கற அந்த இருக்க திரும்பவும் மரத்துக்குப் பின்னாடி வர்ற வரைக்கும் மார்த்தா ஓடாது. வந்ததும் நான் ஏறி ஒரு சுத்து வருவேன். அப்புறம் ஓடும். மெதுவா ஓடும். காத்திருக்க முடியாதவங்க போகலாம், ராட்டினம் காலியா இருக்கு."

நூறு பேருக்கு மேல் முணுமுணுத்தபடி கலைந்து போனார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்போம் என்று சிலர் சத்தம் போட்டார்கள். மீதிப் பேர் நின்றார்கள். 'பெருசு' என்று கத்திய இளைஞன் தொப்பியை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டு நின்றான். பிறகு என்ன தோன்றியதோ, தடுப்பைத் தாண்டி வந்து ஓட்டிஸுடன் கொட்டகைக்குப் போனான். இருவரும் அந்தப் பழைய இருக்கையைத் தூக்கி வந்தார்கள். எலுமிச்சைக் கடைக்காரி தன் கடையைத் தள்ளி இடம் விட்டாள்.

ஓட்டிஸ் சாவியை வாங்கிக் காலி ரயிலைக் கீழே கொண்டுவந்து நிறுத்தியதும், பெர்னி கடைசி வரிசையில் ஏறி ஒரு சுற்று வந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். இறங்கியபோது கிரெக் இன்னும் அங்கேயே நின்றிருந்தான்.

"அந்தக் கோட்ட எடுத்துடு பெர்னி. கம்பெனி கேமராவுல பாக்கறாங்க. என்னைக் கேப்பாங்க."

"கேட்டா உண்மையச் சொல்லுங்க. பலகையப் பாத்தா ஆளப் பாக்க முடியல, ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னு சொல்லுங்க."

"வேற யாரையாவது போட்டு ஓட்டச் சொல்லுவாங்க."

"போடட்டும். யார் வேணா வரட்டும், காலையில ஏறட்டும். தான் உக்காரத் துணிஞ்ச சீட்டுலதான் அடுத்தவங்கள உக்கார வைக்கணும், அவ்வளவுதான் சட்டம். ஏறினவங்க கையில சாவிய நானே குடுத்துட்டுப் போறேன்."

கிரெக் கோட்டைப் பார்த்தான், பெஞ்சில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த வால்ட்டைப் பார்த்தான். பிறகு இடுப்பைப் பிடித்தபடி படியிறங்கிப் போனான். கோட்டை எடுக்கவில்லை.

பெர்னி சாவியைப் போட்டுத் திருகினாள். புதிய ஆட்கள் ஏறி உட்கார்ந்தார்கள். கடைசி வரிசையில் ஒரு பருமனான அம்மா கம்பியோடு போராடத் தொடங்கினாள். முகம் அதற்குள் சிவந்துவிட்டது. வரிசையின் பின்னாலிருந்து ஒருவர் பழக்கத்தில் இரண்டு தட்டு தட்டினார். யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. அவர் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

பெர்னி மைக்கை வாயருகே இழுத்தாள்.

"கடைசி வரிசை, உங்களுக்கு எவ்வளவு நேரம் வேணுமோ எடுத்துக்கோங்க. பூட்டலன்னா பூட்டலன்னு சொல்லுங்க, அதுல ஒரு வெக்கமும் இல்ல. காத்திருக்கறதால யாரும் செத்ததில்ல. அடுத்தவங்கள அவசரப்படுத்தி, கேலி பண்ணி, வாயடைக்க வைக்கறதுலதான் உசிரு போகுது. கார்லி, எத்தனை டக்?"

கார்லி கம்பியை அழுத்தி, இழுத்துப் பார்த்து, மறுபடி அழுத்தினாள்.

"மூணு, மிஸ் பெர்னி."

அதன் பிறகுதான் கட்டைவிரல் உயர்ந்தது.